கண்ணேறு அல்ல, கழுத்துச் சுரப்பி!

கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்தை அடுத்த சிற்றூரிலோ ஒரு சிறுமி. கண்கள் பிதுங்குகின்றன, இமை மேலேறி, வெறித்துப் பார்ப்பவள்போல் தோன்றுகிறாள். நன்றாக உண்கிறாள், ஆனாலும் மெலிகிறாள், நெஞ்சு படபடக்கிறது. தாய் "கண்ணேறு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறாள். பூசாரியோ தாயத்துக்குக் காசு கேட்கிறான்!

கண்ணேறு அல்ல தோழர்களே, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் கோளாறு! உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறிச் சுரப்பியை முடுக்குகிறது. கண்ணுக்குப் பின்னுள்ள தசையையும் கொழுப்பையும் வீங்கவைக்கிறது. அயர்லாந்து மருத்துவர் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்த நோய் இது. தாயத்து சொல்லாததை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

குழந்தைகளுக்குக் கண் பாதிப்பு பெரும்பாலும் கடுமையாவதில்லை. சுரப்பியை மாத்திரையால் அடக்கி, கண் உலராமல் சொட்டு மருந்து விட்டாலே பலருக்குப் போதும். ஆனால் மாத்திரை ஆண்டுக்கணக்கில் வேண்டியிருக்கும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. அறுவை அரிதே. பார்வை நரம்பு நசுங்கினாலோ, இமை மூடாமல் கருவிழி புண்ணானாலோ காலம் தாழ்த்த முடியாது. மற்றவர்களுக்கு நோய் தணிந்த பிறகே கத்தி. முதலில் கண்குழியின் எலும்புச் சுவரைத் திறந்து கண்ணுக்கு இடம் உண்டாக்குவர், அடுத்து மாறுகண்ணைச் சீராக்குவர், கடைசியில் இமையைச் சரிசெய்வர். "கண்ணைத் தோண்டிவிடுவார்கள்" என்பது வெறும் புரளி! ஒரு கண் மட்டும் திடீரெனப் பிதுங்கினால் வேறு கொடிய நோயாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

உழைக்கும் தோழனே, உன்னிடமும் ஒன்று கேட்கிறோம். புகை இந்நோயைக் கடுமையாக்கும். மகளின் கண்ணைவிட உன் பீடி பெரிதா?

ஆட்சியாளருக்கும் ஒரு சொல். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021-இல் சுகாதாரத் துறையின்கீழ் வந்தது. கட்டணக் கொள்ளையை எதிர்த்து மாணவர்கள் நாள்கணக்கில் போராடியதால் கிடைத்த வெற்றி அது! பெயர்ப்பலகை மாறியது மட்டும் போதாது. இந்த இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் ஏழைக்குத் தடையின்றிக் கிடைக்கவேண்டும். அறுவைக்காகச் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்தால், இருநூறு கிலோமீட்டருக்கு மேல்! பயணச் செலவையும் இழந்த கூலியையும் கூலித் தொழிலாளியின் தலையில் சுமத்துவது நீதியா? அவற்றை அரசே ஏற்கட்டும்!

கிளைத் தோழர்களே! உங்கள் தெருவில் அப்படியொரு குழந்தையைக் கண்டால், தாயத்துக் கட்டும் கையைத் தடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பகுத்தறிவுப் பிரச்சாரம் மேடையில் மட்டுமல்ல, அங்கேயும்தான் நடக்கிறது!