போர்டுக்கு மேலே யார்?

ஊரிலிருந்து ரயிலேறி அன்றைய பம்பாய்க்கு வந்த நம்மவர்கள் பலருடைய டிரங்குப் பெட்டியில் இரண்டு காகிதங்கள் பத்திரமாக இருந்தன. ஒன்று எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். மற்றொன்று டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட். இந்த இரண்டை நம்பித்தான் தாராவியிலும் மாதுங்காவிலும் இடம் பிடித்து, கோட்டைப் பகுதி ஆபீசுகளில் நாற்காலியும் பிடித்தோம். நமக்குச் சோறு போட்டது இங்கிலீஷ். அதில் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிசகில் எனக்கும் பங்கு உண்டு.

1979-ஆம் வருஷம். நான் டைப்பிஸ்ட். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருவன் அதே கம்பெனியில் கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. பேப்பர், கார்பன், ரிப்பன் முதலிய சாமான்களை ஒரே கடையில் அதிக விலைக்கு வாங்குகிறான் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பையன் கை சுத்தமானவன். மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக் கடையில்தான் வாங்கியிருந்தான். கொட்டேஷன்கள் அவன் டிராயரிலேயே இருந்தன. அவற்றை இணைத்து நான்கு வரி எழுதியிருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் அவன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, மானேஜர் அசந்துபோற மாதிரி நல்ல இங்கிலீஷ்ல ஒரு வரி போடணும்" என்றான். எங்கோ படித்த ஒரு தொடரையும் சொன்னான். நானும் அடித்தேன்: "மை டீலிங்ஸ் ஆர் அபவ் தி போர்ட்."

அத்தோடு விட்டேனா? கம்பெனிக் கடிதங்களில் போர்டு என்று வந்தால் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீசில் விதி. விரல் தானாகப் போய் பெரிய 'பி'யைத் தட்டியது. "என் நடவடிக்கைகள் டைரக்டர்கள் போர்டுக்கும் மேலானவை" என்று ஒரு குமாஸ்தா எழுதியதாக ஆகிவிட்டது. மானேஜர் பையனைக் கூப்பிட்டு, "நீ போர்டுக்கு மேலேயா?" என்று கேட்டார். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்தான்!

எங்கள் ஹெட் கிளார்க் ஒரு பார்சிக்காரர். கடிதத்தின் நகலைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தம் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்து, "இதுதான் அபவ் போர்ட்" என்றார். கைகளை மேசைக்கு அடியில் கொண்டுபோய், "இது அதற்கு எதிர்" என்றார்.

போர்டு என்பது பழைய இங்கிலீஷில் மேசைக்கும் பெயர். சாப்பாட்டு மேசைக்கும் அதே சொல்தான். ஓட்டல் பலகைகளில் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று பார்க்கிறோமே, அந்தப் போர்டிங் சாப்பாட்டைக் குறிக்கிறது. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்கிறவர்களே டைரக்டர்கள் போர்டு ஆனார்கள். 'அபவ் போர்ட்' என்ற தொடரை 1755-இல் வெளியான தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் சூதாட்டக்காரர்களோடு சேர்த்து விளக்கியிருக்கிறார். மேசைக்கு அடியில் கை போனால் சீட்டை மாற்றுகிறான் என்று அர்த்தம். மேலே இருந்தால் யோக்கியமான ஆட்டம். சூதாடிகளின் சொல் யோக்கியதைக்கு அடையாளமாகிவிட்டது.

நமக்கு இது ஏன் சட்டென்று பிடிபடவில்லை என்று யோசித்திருக்கிறேன். நாம் சீட்டாடுவது பாயை விரித்துத் தரையில். அடியில் கை விட மேசை ஏது? நாம் ஒளித்து வைக்கிற இடம் மடி. அதனால்தான் மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்றார்கள். வெள்ளைக்காரன் மேசையடியைப் பார்த்துச் சந்தேகப்பட்டான். நாம் வேட்டி மடிப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டோம். இந்த ஊர் ஆபீசுகளில் லஞ்சத்தை "டேபிள் கே நீச்சே" என்கிறார்களே, அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அதற்கு நேர் எதிர்ப்பதம் அபவ் போர்ட்.

இனி உபயோகம். நடுவில் 'தி' கூடாது. இதுவே முக்கியம். "தி ஹோல் டீல் வாஸ் அபவ் போர்ட்" என்றால், பேரம் முழுவதும் ஒளிவுமறைவின்றி நடந்தது. "ஹி ஹாஸ் பீன் அபவ் போர்ட் வித் அஸ்" என்றால், அவர் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை. 'ஓபன் அண்டு அபவ் போர்ட்' என்று சேர்த்துச் சொல்வதும் உண்டு. உயர்ந்தது, மேலானது என்ற பொருள் இதற்குக் கிடையாது. ஒருவர் மேல் சந்தேகப்படவே இடமில்லை என்று சொல்ல வேண்டுமானால் 'அபவ் சஸ்பிஷன்' என்று வேறு தொடர் இருக்கிறது.

யூனியன்காரர்கள் நன்கு அறிந்த 'அக்ராஸ் தி போர்ட்' வேறு சங்கதி. எல்லோருக்கும் ஒரே மாதிரி சம்பள உயர்வு என்று அதற்குப் பொருள். அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில், ஒரே குதிரை மேல் முதல், இரண்டாம், மூன்றாம் இடங்கள் மூன்றுக்கும் சமமாகப் பணம் கட்டுவதிலிருந்து வந்தது அது. மகாலட்சுமி மைதானத்தில் சம்பளத்தை விட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் 'தி' உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் இதிலும் 'தி' நுழைந்துவிடுகிறது. 'ஓவர்போர்ட்' என்று எழுதினாலோ, கணக்குப் புத்தகம் கப்பலிலிருந்து கடலில் விழுந்ததாகிவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் இந்தத் தொல்லை தீர்ந்தபாடில்லை. எழுத்துப் பிழையை அது சிவப்புக் கோடிட்டுக் காட்டும். ஸ்பெல்லிங் சரியாக இருந்தால், ஓவர்போர்டைக் கண்டும் பேசாமல் இருந்துவிடலாம்.

நிற்க. இலக்கணத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, இந்தத் தொடரை யார் சொல்வது என்பதுதான். கணக்கைப் பார்த்துவிட்டு ஆடிட்டர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. கணக்குக் கேட்கப்பட்டவரே "எல்லாம் அபவ் போர்ட்" என்று சொல்லிக்கொண்டால், கேட்பவர் குனிந்து மேசைக்கு அடியில்தான் பார்ப்பார். மெமோவுக்குப் பதில் எழுதும்போது எந்த மரபுத்தொடரும் வேண்டாம் என்பேன். இன்ன தேதி, இன்ன தொகை, இன்ன ரசீது என்று எழுதினால் போதும். பெரிய இங்கிலீஷ் எழுதினால்தான் மதிப்பார்கள் என்ற பயம் நம்மவர்களை விட்டு இன்னும் முழுக்கப் போகவில்லை. என்னைச் சுற்றியுள்ள இளைஞர்களின் ஈ-மெயில்களைப் பார்த்தே சொல்கிறேன்.

பையன் மறுநாள் இரண்டாவது கடிதம் கொடுத்தான். ஹெட் கிளார்க் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். மூன்று கொட்டேஷன் வாங்கினேன், குறைந்த விலைக்கு வாங்கினேன், நகல்கள் இணைத்திருக்கிறேன். மூன்றே வாக்கியம். புகார் தள்ளுபடியாயிற்று. ஆனால் முதல் கடிதம் பைலை விட்டுப் போகவில்லை. மரியாதைக் குறைவு என்று சொல்லி அந்த வருஷ இன்கிரிமென்டை ஆறு மாதம் தள்ளிப் போட்டார்கள். ஊரில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி, நான் சொன்னதைத்தானே அடிச்சீங்க" என்றான். பெரிய 'பி' அவன் சொன்னதல்ல.

போன மாதம் நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். தண்ணீர்த் தொட்டி ரிப்பேர்க் கணக்கு 'அபவ் தி போர்ட்' என்று அதில் இருந்தது. பேனாவை எடுத்து 'தி'யை அடித்தேன். காரியதரிசி பார்த்துவிட்டு, "இப்போது சரியா மாமா?" என்று கேட்டார். இங்கிலீஷ் சரிதான், ரசீதை ஒட்டுங்கள் என்றேன். இன்னும் ஒட்டவில்லை.