தன் நோயைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை

சில வாரங்களுக்கு முன்னர் எமது அலுவலகத்திற்குத் தொலைபேசியில் அழைத்த தாயார் ஒருவர், இப்பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் கண்ட சோதிடர் ஒருவரின் இலக்கத்தைக் கேட்டார். அவரது பதினாறு வயது மகள் நான்கு மாதங்களாகச் சோற்றைத் தொடுவதில்லை. வற்புறுத்தினால் உண்டுவிட்டுக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். இருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள். கண்ணூறு கழித்தாயிற்று; நேர்த்தியும் வைத்தாயிற்று. வைத்தியரிடம் சென்றீர்களா என வினவினோம். சென்றதாகவும், தமக்கு ஆங்கிலம் தெரியாமையால் மகளே மொழிபெயர்த்ததாகவும், "ஒன்றுமில்லையாம் அம்மா" என்று அவளே கூறிவிட்டதாகவும் பதில் வந்தது.

இப்பதில் எம்மை உலுக்கியது. மறைக்கத் துடிப்பதே இந்நோயின் இயல்பு. அந்நோயையே நாம் மொழிபெயர்ப்பாளராக அமர்த்திவிடுகிறோம்.

இது பிடிவாதமுமன்று, அழகுப் பித்துமன்று. உணவை மறுத்து உடல் மெலியும் நிலைக்கு 1873இல் இலண்டன் வைத்தியர் வில்லியம் கல் 'அனோரெக்சியா நெர்வோசா' எனப் பெயரிட்டார். உண்டதை வெளியேற்றும் 'புலிமியா நெர்வோசா'வை 1979இல் இதே நகரின் ஜெரால்ட் ரசல் விளக்கினார். மனநோய்களுள் உயிரிழப்பை மிகுதியாக ஏற்படுத்துவனவற்றுள் இவையும் அடங்கும். தொடர் வாந்தி இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கிறது. அதனால் இதயத் துடிப்பே தடுமாறலாம். உடல் மெலியாதோருக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும்.

எம்மவர் வைத்தியரை நாடத் தயங்குவதற்கு இரு அச்சங்கள் உள. ஊரார் அறிந்தால் பிள்ளையின் திருமணம் தடைப்படும் என்பது ஒன்று. அகதி வழக்குக்குப் பாதகமாகும் என்பது மற்றது. முன்னைய அச்சத்திற்கு எமது விடை சுருக்கமானது: பிள்ளை உயிருடன் இருந்தாற்றான் திருமணப் பேச்சு. பின்னையது வீண் அச்சம். சிகிச்சை பெறுவது அகதி விண்ணப்பத்தை நிராகரிப்பதற்கு ஒரு காரணமன்று. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு வதிவிட அனுமதி தேவையில்லை. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளோருக்கு வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசம்.

ஆகவே, முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பிள்ளை தவிர்த்த உணவுகள், மயக்கம், வாந்தி, நின்றுபோன மாதவிடாய் ஆகியவற்றைத் திகதியிட்டு எழுதிச் செல்லுங்கள். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இரத்தமும் பரிசோதிக்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்கான சிறப்புப் பிரிவில், அவசரமாயின் ஒரு கிழமைக்குள்ளும், இல்லையேல் நான்கு கிழமைகளுக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அரச சுகாதார சேவையின் நியமம். எல்லா இடங்களிலும் அது பேணப்படுவதில்லை. எனவே கேட்டுக்கொண்டே இருங்கள். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திராது 999ஐ அழையுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்து; அதனை வைத்தியரின் கண்காணிப்பிலேயே செய்தல் வேண்டும்.

பெற்றோருக்கு ஓர் ஆறுதலும் உண்டு. 1980களில் இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான குடும்பச் சிகிச்சை முறை, பெற்றோரைக் குற்றவாளிகளாகக் காண்பதில்லை. பிள்ளை தேறும்வரை அவளது உணவுக்குப் பொறுப்பேற்கும் தாதியராகவே அவர்களை அது ஆக்குகிறது. இளையோரின் அனோரெக்சியாவுக்கு இங்கிலாந்தில் இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவதும் குடும்பச் சிகிச்சையே. உண்ணவைப்பதும் அருகிருப்பதும் எமது தாய்மாருக்குப் புதியனவல்ல. அவற்றை இந்நோய்க்கு ஏற்பச் செய்யும் வழியையே சிகிச்சையாளர் கற்பிக்கின்றனர்.

சோதிடரின் விளம்பரத்தை அச்சிட்டவர்கள் நாமே. ஆதலால் இதனை எழுதும் கடமையும் எமதே. அன்று அத்தாயாருக்கு அவ்விலக்கத்தை நாம் கொடுக்கவில்லை. வைத்தியரின் வரவேற்பாளரிடம் சொல்வதற்கு மூன்று சொற்களை எழுத்துக்கூட்டிக் கொடுத்தோம்: "தமிழ் இன்ரர்பிரெற்றர் பிளீஸ்." இதனை வாசிக்கும் ஒவ்வொரு தாயும் தந்தையும் அம்மூன்று சொற்களையும் மனனம் செய்துகொள்வார்களாக.