வண்டி ஓட்டுகிறவரைக் கூப்பிடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். சிக்னலில் நிற்கும்போது மட்டும் படிக்க வேண்டாம்.

போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டக் கூடாது என்று போலீஸ் சொல்கிறது, பள்ளிக்கூடம் சொல்கிறது, பேருந்து நிலையச் சுவர் சொல்கிறது. நான் அந்தப் போனின் மறுமுனையைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒருவர் வண்டியில் பேசிக்கொண்டு போகிறார் என்றால், இன்னொருவர் எங்கேயோ உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். அந்த இன்னொருவர் யார்? அம்மா, மனைவி, கணவர், மேனேஜர், மச்சான், சிநேகிதன். அதாவது அவர்மேல் பாசமோ உரிமையோ உள்ள ஒருவர்.

முதலில் ஒரு கணக்கு. என்னிடம் படித்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு எவ்வளவு தூரம்? 40,000 மீட்டரை 3,600-ஆல் வகுத்தால் சுமார் 11 மீட்டர். போன் அடிக்கிறது, சட்டைப் பையிலிருந்து எடுத்து யார் என்று பார்க்க மூன்று விநாடி. அதற்குள் வண்டி 33 மீட்டர் போய்விடும். நம் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்று 20 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து வகுப்பறையை வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். 60-ல் போனால் 50 மீட்டர்.

எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா தலையில் கீரைக்கூடை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சாலையோரம் நடந்து போனவரைப் பின்னாலிருந்து ஒரு பைக் இடித்துவிட்டது. ஓட்டிய பையன் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு வந்திருக்கிறான். கெட்ட பையன் இல்லை. அவனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, இன்றைக்கும் கைத்தடியோடுதான் நடக்கிறார். கூடை தூக்க முடியாது. வியாபாரமும் போயிற்று. அந்தப் பையனை அப்போது கூப்பிட்டது அவன் வீட்டிலிருந்து. விஷயம், வரும்போது தயிர் பாக்கெட் வாங்கி வரவேண்டும் என்பது. தயிருக்குப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

சட்டம் ஓட்டுகிறவரை மட்டும்தான் பிடிக்கும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டுவதில் சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி, என்று 2020-ல் விதி வந்தது. கூப்பிட்டவரைக் கேட்க எந்தச் சட்டமும் கிடையாது. அதனால்தான் அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

"நடக்கிறவங்க மட்டும் ஒழுங்கா டீச்சர்? காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு குறுக்க வர்றாங்க" என்று கேட்பீர்கள். உண்மைதான். சாலையைக் கடக்கும்போது போனைப் பையில் போடுங்கள் என்று நடக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் இரண்டும் ஒரே தராசில் நிற்காது. நடக்கிறவர் தப்புச் செய்தாலும் அடிபடுவது அவர். ஓட்டுகிறவர் தப்புச் செய்தாலும் பெரும்பாலும் அடிபடுவது அவரேதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

அவர்கள் ஏன் சாலையில் இறங்கி நடக்கிறார்கள் என்றும் பாருங்கள். நடைபாதை இருந்தால் அதன்மேல் பைக் நிற்கிறது, கடைப் பலகை நிற்கிறது, டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. மனிதர் நிற்கத்தான் இடமில்லை. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-ல் பொதுநல வழக்குப் போட்டவர் நம் கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. வெள்ளைக் கோட்டில் கடப்பதும் அப்படித்தான். சிக்னல் இல்லாத இடத்தில்கூட, வெள்ளைக் கோட்டை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. நாமோ கையைத் தூக்கிக் காட்டி, கும்பிடு போட்டு, ஓடிக் கடக்கிறோம். உரிமையைப் பிச்சை கேட்டு வாங்குகிற நிலை.

புளூடூத் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். கை ஹேண்டில்பாரில் இருக்கும், மனம் இருக்காது. வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே ஊர் சுற்றி வரும் பிள்ளைகளை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவள் நான். கரும்பலகையைப் பார்ப்பது வேறு, பாடத்தைக் கவனிப்பது வேறு.

சட்டம் மாறவும் நடைபாதை வரவும் நாளாகும். இன்றிலிருந்தே நம் வீடுகளில் செய்யக்கூடியது நான்கு.

1. யாரைக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி "வண்டியிலயா இருக்கே?" என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்றால் "போய்ச் சேர்ந்துட்டு கூப்பிடு" என்று நீங்களே வைத்துவிடுங்கள். அவர் வைப்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

2. ஒருமுறை எடுக்கவில்லை என்றால் ஐந்து முறை அடிக்காதீர்கள். விடாமல் அடித்தால் ஏதோ ஆபத்து என்று பதறித்தான் எடுப்பார். உண்மையிலேயே அவசரம் என்றால் ஒரு வரி செய்தி அனுப்புங்கள். ஓரமாக நிறுத்திப் பார்க்கட்டும்.

3. போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளை எடுக்கவில்லை, மருமகள் எடுக்கவில்லை என்று நம் குடும்பங்களில் எத்தனை மனஸ்தாபம்! எடுக்காதவர் ஒழுங்காக வண்டி ஓட்டுகிறார் என்று பெருமைப்படுங்கள்.

4. உங்களிடம் வேலை செய்பவர் டெலிவரிக்கோ கலெக்‌ஷனுக்கோ போயிருந்தால், வழியில் கூப்பிட்டு "எங்க இருக்கே" என்று கேட்காதீர்கள். என் மாணவர்களில் இன்று கடை, கம்பெனி நடத்துகிறவர்கள் பலர். இது உங்களுக்குத்தான்.

வீட்டில் ஒருவர் வெளியே போயிருக்கிறார், நேரமாகிறது, கவலையில் கூப்பிடுகிறோம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் நாம் கூப்பிடுவதே அவருக்கும், அவருக்கு முன்னால் நடந்து போகும் யாரோ ஒருவருக்கும் ஆபத்தாகிவிடக் கூடாது. இதை உங்கள் குடும்பக் குழுவில் போடுங்கள். போட்டுவிட்டு நீங்களும் கடைப்பிடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்