அண்ணனுக்கு என்ன விலையோ, தங்கைக்கும் அதே



போன வாரம் வேலம்பாளையத்திலிருந்து ஒரு வாசகி வந்திருந்தார். மஞ்சள் பைக்குள் அப்பா காலத்துப் பங்குப் பத்திரங்கள். குண்டூசி துருப்பிடித்துத் தாளில் கறையாகியிருந்தது. அண்ணன் நடத்தும் பனியன் கம்பெனியில் அவருக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு. கம்பெனியை ஒரு ஏற்றுமதியாளர் விலைக்குக் கேட்கிறாராம்.

"அண்ணன் கையெழுத்துப் போடச் சொல்றாருங்க. என்ற பங்குக்கு என்ன வருமுன்னு யாரைக் கேக்கறதுங்க?"

வாங்க வருகிறவர் மெஷினை மட்டும் எண்ணி விலை சொல்வதில்லை. கடன் எவ்வளவு, எந்த நாட்டு பையர் கையில் இருக்கிறார், அந்தக் கம்பெனி தனக்கு எதற்கு உதவும் என்று பார்க்கிறார். 2024-ல் அவிநாசி எஸ்.பி. அப்பேரல்ஸ், யங் பிராண்ட் அப்பேரலை 223 கோடி ரூபாய்க்கு மதிப்பிட்டு வாங்கியது. குழந்தை உடுப்புகளைப் பெரும்பாலும் பிரிட்டனுக்கு அனுப்பிவந்தவர்களுக்கு, அமெரிக்காவுக்கு உள்ளாடை அனுப்பும் கம்பெனி தேவைப்பட்டது. இன்னொருவருக்கு அதே கம்பெனி அந்த விலை பெறாமல் போகலாம்.

நிர்வாகத்துக்கென்று தனி விலையும் உண்டு. தாழையூத்தில் முதல் ஆலை கண்ட இந்தியா சிமெண்ட்ஸையே பாருங்கள். 2024 ஜூனில் பென்னா சிமெண்டை வாங்குவதாக அதானி குழுமம் அறிவித்தது; தெற்கில் போட்டி சூடேறியது. அதே மாதம் அல்ட்ராடெக் சிமெண்ட், இந்தியா சிமெண்ட்ஸில் சுமார் 23 சதவீதத்தைப் பங்குக்கு 267 ரூபாய் வரை கொடுத்து வாங்கியது. ஜூலையில், இந்தியா சிமெண்ட்ஸை நடத்திவந்த சீனிவாசன் தரப்பின் 32.72 சதவீதத்துக்குப் பேசிய விலை 390! ஆலை அதேதான், சுண்ணாம்புக்கல்லும் அதேதான். நிர்வாகம் கைமாறும் என்ற எதிர்பார்ப்பில் சந்தை விலையே அதற்குள் ஏறியிருந்தது.

எனக்கு இதில் மனசுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, சந்தையில் உள்ள ஒரு கம்பெனியில் 25 சதவீதத்தை எட்டுகிறவர், மேலும் 26 சதவீதத்தையாவது பொதுப் பங்குதாரர்களிடம் வாங்க முன்வர வேண்டும். அவர்களுக்கும் 390 ரூபாய்தான் அறிவிக்கப்பட்டது. பத்துப் பங்கு வைத்திருந்தவருக்கும் முதலாளி விலை.

சந்தையில் இல்லாத நம் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு அந்த விதி கிடையாது. அண்ணனுக்கு ஒரு விலை, தங்கைக்கு ஒரு விலை என்று பேசி முடித்துவிடலாம். அண்ணனுக்குக் கிடைக்கும் விலையை எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அந்த வாசகியிடம் சொல்லி அனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் கம்பெனி இருந்தால், பெரிய பங்குக்கு என்ன விலையோ அதே விலை சிறிய பங்குக்கும் என்று ஆடிட்டரையும் வக்கீலையும் வைத்து இந்த மாதமே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்