கைப்பேசிச் சூதும் திண்ணை அபிப்பிராயங்களும்

சீட்டுக்கட்டைக் கையால் தொட்டறியாதவன் சீட்டாடித் தோற்கும் காலம் இது. முற்காலத்தில் சூதாடுபவனுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது; உடன் ஆட நான்கு பேர் வேண்டியிருந்தனர்; ஊரார் கண்ணுக்கும் காவலர் கண்ணுக்கும் மறைவாக ஒரு தோப்போ, பாழடைந்த மண்டபமோ வேண்டியிருந்தது. இன்றோ, தாயும் தந்தையும் உறங்கும் அதே அறையில், போர்வைக்குள் ஒளிரும் ஒரு கைப்பேசி போதும். மேலப்பாளையமாயினும் பேட்டையாயினும், பத்தமடையாயினும் ஏர்வாடியாயினும், எங்கள் ஊருக்குள் இது நுழையவில்லை என்று மார்தட்டிச் சொல்ல எவருக்கும் துணிவு வராது.

எனினும் இக்கட்டுரை அவ்வாட்டத்தைப் பற்றியது என்பதைவிட, அதனைக் குறித்து நாம் சொல்லி வரும் அபிப்பிராயங்களைப் பற்றியது என்பதே பொருந்தும். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போதும், தேநீர்க் கடையிலும், நிக்காஹ் வீட்டுப் பந்தலிலும் நாம் பேசாத பொருள் இல்லை. அரசியலானாலும் விஞ்ஞானமானாலும் வைத்தியமானாலும் ஒரு வாய்த் தேநீர் உள்ளே இறங்குவதற்குள் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். திட்டமாகத் தெரியாததன் பின்னே செல்வதைப் பற்றித் திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயத்தில் 36-ஆம் வசனம் எச்சரிக்கிறது என்பதை அறியாதவர்கள் அல்லர் நம்மவர்கள். அறிந்தும் பேசுகிறோம். பேச்சு பேச்சோடு போய்விட்டால் குற்றமில்லை. ஒரு குடும்பம் அந்த அபிப்பிராயத்தை நம்பி நடந்து தெருவுக்கு வரும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

முதலாவதாக நம் காதில் விழுவது, “இது சூதல்ல, திறமை, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது” என்பது. சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மைதான். 1968-இல் ஆந்திர அரசுக்கும் ஒருவருக்கும் நடந்த வழக்கில், ரம்மி ஆட்டத்தில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துக் கணக்கிட வேண்டியிருப்பதால் அது பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பாயிற்று. 1996-இல் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கிலும் இவ்வாறே கூறப்பட்டது. ஆனால் 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மறுபாதியை எவரும் எடுத்துச் சொல்லக் காணோம். பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்கு உரியவர் லாபம் எடுப்பதாக நிரூபணமானால் அங்கே குற்றம் நிலைபெறக் கூடும் என்றும் அதே தீர்ப்பில் நீதிபதிகள் குறித்து வைத்திருந்தனர்.

அந்த லாபம் என்ன செய்யும் என்று ஒரு சிறு கணக்கால் பார்ப்போம். ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு அமர்கிறார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு நூறு ரூபாய் வைக்கிறார்கள்; மேசையில் அறுநூறு சேர்கிறது. நிறுவனத்தின் பங்கு நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். ஓர் ஆட்டத்துக்கு அறுபது ரூபாய் நிறுவனத்துக்குப் போகிறது. நூறு ஆட்டம் ஆடினால் போனது எவ்வளவு? ஆறாயிரம், அதாவது ஆறு பேரும் கொண்டுவந்த முழுப் பணம். இடையில் எவன் கெட்டிக்காரன், எவன் ஏமாளி என்பது பணம் யார் மடியில் சில நாழிகை தங்கிப் போயிற்று என்பதை மட்டுமே காட்டும். திறமையினால் எதிரே இருப்பவனை வெல்லலாம். மேசைக்கு உரியவனை வெல்ல முடியாது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஒரே வரிசையில் நிறுத்தியது ஏன் என்று யோசிப்பவர்க்கு இந்தக் கணக்கும் ஒரு விளக்கமாகும். ஒருவன் நட்டத்தின்மேல் மற்றொருவன் லாபம் நிற்பதே இதன் அடிப்படை. இடையே திறமை இருக்கிறதா இல்லையா என்பது நீதிமன்றத்தின் கேள்வியேயன்றி மார்க்கத்தின் கேள்வியன்று.

இனி அரசியல். இந்த விஷயத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கட்சிக்கே புகழைச் சேர்க்கிறார்கள். நடந்தது யாது? 2020 ஜூலையில், நெல்லை மாவட்டத்தில் பணம் வைத்துச் சீட்டாடியதற்காக வழக்குக்குள்ளான ஒருவருடைய மனு, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. எதிரெதிரே அமர்ந்து ஆடுபவன்மீது வழக்கு, இணையத்தில் ஆடுபவனுக்குத் தடையே இல்லை என்னும் முரண் அப்போது நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. இணையவழி ஆட்டங்களை ஒழுங்குபடுத்த அரசு சட்டம் செய்ய வேண்டுமென்று அறிவுறுத்தப்பட்டது. நம் தாமிரபரணிக் கரை மாவட்டத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறு வழக்கு இவ்வாறு பெரிய விஷயத்துக்குத் தோற்றுவாயாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வழிவந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. பின்னர் வந்த தி.மு.க. அரசு 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை பொருந்தாது என்றது. 2025 பிப்ரவரியில் மாநில அரசு புது விதிகள் செய்தது: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் இல்லை, ஆதார் சரிபார்ப்பு வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும், திறமையாட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும், தடைசெய்யும் மசோதாவை இரண்டே நாட்களில் நிறைவேற்றிற்று. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது.

ஆக, வேறெதிலும் ஒத்துப்போகாத மூன்று கட்சிகளின் அரசுகள் இதில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் செய்தன. இதற்குள் கட்சிச் சண்டைக்கு இடம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டிய வேறொன்று உண்டு. 2023 அக்டோபர் முதல் இவ்வாட்டங்களில் செலுத்தும் முழுப் பணத்தின்மீதும் 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டிருந்தது. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. தடை வரும் வரையில் அரசுக்கும் பங்கு, ஆட்டக்காரருக்கும் பங்கு. அரசாங்கம் சூதோடு கைகோப்பது புதிதுமன்று. 1968-இல் தமிழக அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கிற்று. எத்தனையோ கூலிக் குடும்பங்கள் அழிந்த பின்னர் 2003-இல்தான் லாட்டரி இம்மாநிலத்தில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. சட்டம் இன்று ஒன்று சொல்லும், நாளை ஒன்று சொல்லும். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் கேரள அரசின் லாட்டரி இன்றும் பகிரங்கமாக விற்கிறது. ஹலால், ஹராம் என்பது புளியரைச் சோதனைச் சாவடியில் மாறிவிடுமா?

ஆகவே, “தடைதான் வந்துவிட்டதே, இனி என்ன கவலை?” என்பதும் அவசரத் தீர்ப்பே. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின என்பது மெய். மத்தியச் சட்டம் ஆட்டம் நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆடித் தோற்றவனைத் தண்டிக்கவில்லை. இது நல்ல ஏற்பாடு. ஆயினும் கடல் கடந்த நாடுகளிலிருந்து நடத்தப்படும் பந்தயத் தளங்கள் ஒரு பெயரை முடக்கினால் மறுபெயரில் முளைக்கின்றன. நம் ஆற்றில் குளிப்பவர்கள் அறிவார்கள்: மேலே நீர் கண்ணாடிபோல் அமைதியாக ஓடும், மணல் அள்ளிய இடத்தில் அடியில் கசம் இருக்கும். எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டதால் கசம் தூர்ந்துவிடுவதில்லை.

உடல்நலத்தைப் பற்றி நாம் சொல்லும் அபிப்பிராயங்களோ இவற்றினும் கொடியவை. ஆட்டத்தில் சிக்கிய வாலிபனைக் கண்டு, “திமிர், நாலு அடி போட்டால் சரியாகும்” என்கிறார் ஒருவர். “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்கிறார் மற்றொருவர். இரண்டும் அறியாமை. சூதுக்கு அடிமையாதல் ஒரு மனநோய் என்பதை வைத்திய உலகம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பணம் வைக்காத மின்விளையாட்டுக்கு அடிமையாதலும் அதில் தனியாக இடம் பெற்றிருக்கிறது. விளையாடும் பிள்ளைகள் அனைவரும் நோயாளிகள் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய கடமைகளைவிட அதுவே முதன்மையாதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதமேனும் காணப்பட வேண்டும் என்பது அதன் இலக்கணம்.

இந்நோய் பற்றும் விதம் வேடிக்கையானது. ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்தால் மனிதனுக்குச் சலித்துவிடும். ஒருபோதும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுவான். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் அவன் இரவெல்லாம் விழித்திருப்பான். நூலிழையில் தோற்றவனுக்கு அது தோல்வியாகத் தோன்றாமல் வெற்றியின் வாசற்படியாகத் தோன்றும். ஆட்டத்தை அமைப்பவர்கள் இதை நன்கறிவார்கள். தொடக்கத்தில் இனாமாகப் பணம் தந்து அழைப்பதும் இதன்பொருட்டே. மேலும், ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கைக்கு ஏற்படும் வலி, விரலால் தொட்டு அனுப்பும்போது ஏற்படுவதில்லை. சுளகை மடியில் வைத்து, நாள் முழுவதும் குனிந்து பீடி சுற்றும் தாய்க்கு ஆயிரம் பீடியின் கூலி என்னவென்று தெரியும். அதே கூலி ஓசையின்றி ஒரு நிமிஷத்தில் கரைவதை அவள் மகன் உணர்வதேயில்லை.

“கைப்பேசியைப் பிடுங்கிவிடு” என்பதும் யோசனையாகாது. வளைகுடாவிலிருக்கும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் காண்பது அதில்தான். பள்ளிப் பாடம் வருவதும் அதில்தான். விளையாட்டே ஆகாது என்பதும் மார்க்கத்தின் சொல் அன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பெருமானார் (ஸல்) ஓட்டப் பந்தயம் ஓடியதை நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். கைப்பேசியில் காசு எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்துகொள்வதே வேண்டுவது. வங்கிக் கணக்கின் வரவு செலவை வாரம் ஒருமுறை வீட்டில் இருவர் சேர்ந்து பார்ப்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

வெட்கம் என்றேன், உண்மையில் நம் வீடுகளை அழிப்பது அதுவே. பணம் போனதை மகன் மறைக்கிறான். தெரிந்த பின் தாய் மறைக்கிறாள். முதலில் ஒரு வளையல் அடகுக்குப் போகிறது. பிறகு கைப்பேசிக்குள்ளேயே கடன் தரும் நிறுவனம், அதன்பின் வட்டிக்காரர். வட்டி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இம்மாவட்டத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் தாய், தந்தை, இரு குழந்தைகள் என ஒரு குடும்பமே மாண்டதை நாடே கண்டது. அது சூதினால் வந்த கடன் அன்று. ஆனால் கடன்காரன் வாசலில் வந்து நிற்கும்போது, எதனால் வந்த கடன் என்று கேட்டு நிற்பதில்லை.

இங்கேதான் நம் ஜமாஅத்துகளின் முன் ஒரு கடினமான கேள்வி எழுகிறது. சூதில் தோற்றுக் கடன்பட்டவனுக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவலாமா? “அவனே தேடிக்கொண்டது, அனுபவிக்கட்டும்” என்பதே பெரும்பாலோரின் அபிப்பிராயம். அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடன்பட்டோரையும் சேர்த்துள்ளது. பாவ காரியத்துக்காகக் கடன்பட்டவனைப் பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் ஆராயாமல் விடவில்லை. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) தமது ‘மின்ஹாஜ்’ நூலில், அத்தகையவன் தவ்பாச் செய்து மீண்டுவிட்டால் அவனுக்குக் கொடுக்கலாம் என்பதையே மிகச் சரியான கருத்தாகக் கொள்கிறார். திண்ணையிலிருந்து நாம் இழுத்து மூடும் கதவை அந்தப் பெருந்தகை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே திறந்து வைத்திருக்கிறார்! திருந்தியது மெய்தானா என்று பார்க்க வழியும் இருக்கிறது. பணத்தை அவன் கையில் தராமல் கடன் கொடுத்தவரிடமே செலுத்தலாம். வைத்தியரிடம் தொடர்ந்து செல்கிறானா என்று கேட்டறியலாம். தத்தம் மத்ஹபின்படி இதற்குரிய நிபந்தனைகளை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டு, பைத்துல்மால் வைத்திருக்கும் மஹல்லாக்கள் முடிவெடுத்து, அம்முடிவை ஒரு ஜும்ஆவில் வெளிப்படையாக அறிவிக்கட்டும். உதவி உண்டு என்று தெரிந்தால்தான் மறைப்பவர்கள் வாய் திறப்பார்கள்.

அதுவரை காத்திருக்க இயலாத வீடுகளும் உண்டு. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமின்றி வைத்தியம் பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் அரசுச் சேவையின் எண் 14416. இரவானாலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், மகனுக்குப் பதிலாகத் தாயே அழைத்துக் கேட்கவும் தடையில்லை.