ஆங்கிலம் கற்பிக்கக் கடவுச்சீட்டே தகுதியா?

பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள மாணவர்கள் சிலர், வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பி, பரிந்துரைக் கடிதம் கேட்டு இன்றும் என்னிடம் வருகின்றனர். 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழுக்குப் பணம் கட்டிவிட்டே பலரும் வருகின்றனர்.

அவர்கள் அதிகம் குறிப்பிடும் நாடு தென்கொரியா. 1995 முதல் அந்நாட்டு அரசு தன் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை வரவழைக்கிறது. அதற்கான ‘இ-2’ விசா, பொதுவாக ஏழு நாட்டவருக்கே உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அவர்களிடம் எந்தத் துறைப் பட்டம் இருந்தாலும் இந்த விசாவுக்குப் போதும். வேதியியல் படித்தவரும் செல்லலாம். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்த நம் முதுநிலைப் பட்டதாரிக்கு அந்த வாசல் திறக்காது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய - கொரியப் பொருளாதார ஒப்பந்தம் ஒரு சிறு வழி விட்டது. ஆங்கிலப் பட்டத்துடன் ஆசிரியர் பயிற்சித் தகுதியும் பெற்ற இந்தியர் துணை ஆசிரியராகலாம்.

கல்விச் சான்று என்பது வேலை தருபவருக்கு அனுப்பும் சமிக்ஞை என 1973-இல் விளக்கினார் பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ். கடவுச்சீட்டே அந்தச் சமிக்ஞையாகிவிட்ட சந்தையில், குறுகிய காலச் சான்றிதழால் பயனடைவது பெரும்பாலும் அதை விற்பவரே. எந்தெந்த நாடுகள் இந்தியருக்கு இப்பணிக்கான விசா வழங்குகின்றன என்பதை விளம்பரத்திலேயே குறிப்பிடுமாறு பயிற்சி நிறுவனங்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும். பணம் கட்டுமுன் தூதரகத்தின் விசா விதிகளைப் படியுங்கள், கொரியா என்றால் முதலில் பி.எட். முடியுங்கள் என்றே மாணவர்களிடம் சொல்லி வருகிறேன்.