பத்துச் சதத்தில் எழும்பிய கோபுரம்

"ஆர்ட்ஸோ? அதைப் படிச்சு என்ன செய்யப் போறீங்கள்?" கலியாண வீடு, பஸ், கடை எண்டு எங்க போனாலும் எங்களுக்கு இந்தக் கேள்விதான். ஆருடைய காசில ஆர் படிக்கிறது என்ற கணக்கும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றிக் கதைக்க எங்களுக்குப் பிடித்த ஒரு கட்டடம், அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. பெயர் 'கதீட்ரல் ஒஃப் லேர்னிங்'. 42 மாடி, 535 அடி.

1920களில் பிற்ஸ்பர்க் ஒரு இரும்பு நகரம். புகை, ஆலை, ஐரோப்பாவில் இருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். பல்கலைக்கழகத்திலோ வகுப்பறை போதாது. அதன் தலைவர் ஜோன் போமன், நகரம் முழுவதற்கும் தெரியும்படி ஒரு கோபுரமே கட்டுவோம் என்றார். கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கிளவுடர் வரைந்தார். 1926இல் வேலை தொடங்கியது. பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, காசு இழுபட்டது. 1937இல்தான் முறைப்படி திறந்தார்கள்.

காணியை வாங்கிக் கொடுத்தது மெலன் என்ற பணக்காரக் குடும்பம். வழமையான வரலாறு அதோடு முடிந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் கேட்டார்கள்: ஆளுக்குப் பத்துச் சதம், ஒரு கல்லுக்கு. சுமார் 97,000 பிள்ளைகள் கொடுத்தார்கள். அந்தக் காசை எப்படி உழைத்தோம் எண்டு கடிதமும் எழுதி அனுப்ப வேணும். பதிலுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும், கட்டடத்தில் உனக்கும் பங்கிருக்கு எண்டு.

ஆலைத் தொழிலாளியின் பிள்ளையிடம் காசு கேட்பது நியாயமோ எண்டு எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. வரத்தான் வேணும். பங்காளி எண்டு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினால் அது ஏமாற்று. கதவு எவ்வளவு திறந்தது எண்டு பார்க்க அங்குள்ள தேசிய இன வகுப்பறைகளுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு சமூகமும் தானே காசு சேர்த்துத் தன் பண்பாட்டில் அமைத்த அறைகள் அவை. பெரும்பாலானவற்றில் இப்பவும் பாடம் நடக்கிறது. 1938இல் திறந்த முதல் நான்கும் ஸ்கொட்லாந்து, ஜேர்மன், ரஷ்ய, சுவீடன் அறைகள். அரசியல் சின்னம் எதுவும் கூடாது என்பது விதி. (அரசியல் இல்லாத பண்பாடு எங்க இருக்கு எண்டு கேக்கத் தோணுது, அது வேற கட்டுரை.) அதே நகரத்து ஆலைகளில் கறுப்பினத்தவரும் உழைத்தார்கள். ஆபிரிக்க மரபுரிமை அறை திறந்தது 1989இல். 51 வருசம் பிந்தி.

ஆகவே பத்துச் சதக் கதையை முழுசாகக் கொண்டாட எங்களால் ஏலாது. ஆனாலும் அந்தச் சான்றிதழை விடவும் மனம் வரவில்லை. இங்க எங்கட படிப்புக்கும் சவர்க்காரக் கட்டி வாங்கிற அம்மா வரி கட்டுறா, அவவுக்கு ஒருத்தரும் சான்றிதழ் குடுக்கேல்லை. "உங்கட காசும் இதில கிடக்கு, உள்ள வந்து பாருங்கோ" எண்டு நாங்களும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஆலைப் புகை பட்டு அந்தச் சுண்ணக்கல் கோபுரம் பல காலம் கறுத்துக் கிடந்தது. ஆலைகள் மூடி வருசக்கணக்கான பிறகு, 2007இல் கழுவி வெளுப்பாக்கினார்கள். நாங்கள் அங்க இருந்திருந்தால், ஒரு பக்கத்தையாவது கழுவாதேங்கோ எண்டு மறிச்சிருப்பம்.